ஏற்பும் சனதும்

ஹாங்காங் பல்கலைக்கழகம் 2023 பிப்ரவரியில் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வகுப்பிலும் கட்டுரைகளிலும் தேர்வுகளிலும் பயன்படுத்தத் தற்காலிகத் தடை விதித்தது. அவ்வாண்டுச் செப்டம்பரில் தொடங்கிய கல்வியாண்டில், மாதத்துக்கு 20 வினாக்கள் என்ற வரம்போடு, அதே பல்கலைக்கழகம் அவற்றைத் தன் மாணவர்க்கு இலவசமாக வழங்கிற்று. சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்ததே 2022 நவம்பர் 30இல்தான்.

மாணவரின் இவ்வேற்பை ஆராய்வோர் பலரும் எடுத்தாளும் அளவுகோல், ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. ஒரு கருவி தம் வேலைக்குப் பயன்படும், கையாளவும் எளிது என ஒருவர் கருதினால் அதனை ஏற்பார் என்பது அதன் சாரம். 2003இல் வெங்கடேஷ் முதலானோர், சுற்றியிருப்போரின் செல்வாக்கையும் வசதி வாய்ப்புகளையும் கணக்கில் சேர்த்தனர். மாணவர் விடுதியை அறிந்தவர் இதை மறுக்கமாட்டார். விடிந்தால் கட்டுரையை ஒப்படைக்க வேண்டியவனுக்குப் பயனும் எளிமையும் போதும். அறைத்தோழனும் அதைத்தானே செய்கிறான்!

ஆயின், 'யாரிடமிருந்து பெற்றாய்?' என்ற வினா இவ்வளவுகோலில் இல்லை.

பல்கலைக்கழகத்தில் பயிலும் நம் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் தம் கட்டுரையைக் காட்டினார். வணிகம் பற்றிய ஒரு ஹதீஸுக்கு நூற்பெயர், பாகம், பக்கம் யாவும் தரப்பட்டிருந்தன. கிதாபை எடுத்துப் புரட்டினோம். அப்பக்கத்தில் இருந்தது வுளூவின் பாடம். அவர் பொய்யுரைக்கவில்லை, கருவி தந்ததை எழுதினார். கருவியோ, எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் எனக் கணித்தே வாக்கியம் அமைக்கிறது. மேற்கோளின் உருவத்தை அது நன்கறியும். இணையத்தில் தேடி இணைப்புத் தருவனவும் இப்போது உள்ளன. இணைப்பைத் திறந்து பார்க்கும் மாணவரைத்தான் நாம் அரிதாகக் காண்கிறோம்.

முஹத்திஸ்கள் ஒரு ராவியிடம் நேர்மையோடு 'ளப்து' எனும் துல்லியத்தையும் எதிர்பார்த்தனர். ஆசிரியரிடம் கேளாது ஏட்டில் மட்டும் கண்டதை எடுத்துரைத்தலை 'விஜாதா' எனப் பெயரிட்டுத் தாழ்ந்த படியில் வைத்தனர். அப்போதும், இன்னாரின் கையெழுத்தில் கண்டேன் என்று சொல்லியாக வேண்டும். கருவியின் விடையில் அந்த 'இன்னார்' இல்லை. இதனை விஜாதா என்று சொல்லவும் நமக்குத் துணிவில்லை.

கருவியை விட்டுவிடுமாறு அம்மாணாக்கரிடம் நாம் கூறவில்லை. அரபு வாக்கியங்களைத் திருத்திக்கொள்ள அது அவருக்குக் கைகொடுக்கிறது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் எதிரே, மூலநூலின் பக்கத்தைத் தம் கண்ணால் கண்ட நாளை எழுதிவருமாறு மட்டும் கேட்டோம். ஒரு வாரம் கழித்து வந்தார். பதினொரு மேற்கோள்களில் நான்கே எஞ்சியிருந்தன. கட்டுரையை ஒப்படைக்கத் துறையில் தவணை கேட்டிருப்பதாகச் சொன்னார்.