ஜமுனாமரத்தூரிலிருந்து வெனிசுக்கு

நீர்மேல் எழுந்த வெனிஸ் நகரைப் பற்றி வரலாற்று வகுப்பில் கேட்டிருக்கிறோம். நம் ஜவ்வாது மலையிலிருந்து அங்கே செல்வது எங்ஙனம்?

போளூர், வேலூர் வழியாகச் சென்னை வரை பேருந்துதான். சென்னையிலிருந்து வெனிசுக்கு நேர் விமானம் இல்லை. துபாயிலோ தோஹாவிலோ மாற வேண்டும். துபாய் வரை சுமார் 4 மணி நேரம். அங்கிருந்து 6 மணிக்கு மேல். ஷெங்கன் விசாவை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்.

நான் வற்புறுத்த விரும்புவது பயணச் சீட்டைப் பற்றியே. வெனிஸ் என்ற பெயரில் இரண்டு விமான நிலையங்களுக்குச் சீட்டு விற்கிறார்கள். குறியெழுத்தைப் பாருங்கள். டி.எஸ்.எஃப். என்றிருந்தால் அது டிரெவிசோ. ஐரோப்பாவுக்குள் பறக்கும் மலிவு விமானங்கள் பல அங்கேதான் இறங்கும். வெனிஸ் இன்னும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நள்ளிரவில் இறங்கினால் திண்டாட்டம்தான்!

வி.சி.இ. என்பதே மார்க்கோ போலோ நிலையம். நம் பாண்டி நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்தாரே, அவர் பெயர்தான். 1271இல் வெனிசை விட்டவர் 1295இல்தான் ஊர் திரும்பினார்.

அந்த நிலையமும் தீவில் இல்லை, கரையில் இருக்கிறது. பேருந்து சுமார் 20 நிமிடத்தில் பாலம் கடந்து ரோமா சதுக்கத்தில் விடும். அதற்கப்பால் மோட்டார் வண்டியே கிடையாது. நடை, அல்லது படகு. நிலையத்திலிருந்தே படகும் உண்டு. நேரமும் காசும் கூடுதல். ஆயினும் முதன்முறை செல்வோர்க்கு நான் படகையே சொல்வேன்.