நரம்பின் வழியே – 11: மெட்ராஸ் பெயரில் ஒரு நோய்

மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் இளவயதில் தொடங்குவது. கை கால் தசைகளை இளைக்கச் செய்யும். முகம், நாக்கு, தொண்டை ஆகியவற்றைத் தளர்த்தும். காது கேட்கும் திறனையும் பறிக்கும். மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூன்று மருத்துவர்கள் 1970-இல் இதைப் பற்றி முதன்முதலில் எழுதினார்கள். இவர்களில் ராமமூர்த்தி, 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியவர். பிற்காலத்தில் தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் நரம்பியல் மையம் அமைத்தார். 

நோயாளிகளில் பெரும்பாலோர் தென்னிந்தியர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 36 ஆண்டுகளில் பார்த்த நோயாளிகளின் விவரத்தை 2008-இல் வெளியிட்டது. மொத்தம் 116 பேர். ஸ்டீபன் ஹாக்கிங்கால் உலகம் அறிந்த ஏ.எல்.எஸ். நோயும் இதே இனம்தான். ஆனால் அந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளே வாழ்கிறார்கள். மெட்ராஸ் வகை மெதுவானது. இருபது வயதுக்குள் நோய் கண்டவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்வதுண்டு. நோயை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை என்பதால், அத்தனை ஆண்டுகளும் உடலைத் தாங்கிப் பிடிப்பதில் பெரும்பங்கு உணவுக்குத்தான்.

நோய் தெரிந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, எதைச் சாப்பிட்டால் இது குணமாகும் என்பது. அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. பிரவுன்–வியாலெட்டோ–வான் லேர் என்றொரு நோய் உண்டு. அதிலும் காது கேட்காது, முகம் தளரும், விழுங்க முடியாது. ரிபோஃபிளேவின் எனப்படும் வைட்டமின் பி2-ஐ செல்களுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தின் மரபணு பழுதாவதுதான் அதற்குக் காரணம் என்று 2010-இல் தெரிந்தது. அதே வைட்டமினை மிக அதிக அளவில் கொடுத்தபோது, மூச்சுக்கருவியில் இருந்த குழந்தைகள்கூடத் தேறினார்கள். நரம்பியலில் இப்படிப்பட்ட நல்ல செய்தி அபூர்வம்.

ஆனால் அந்த அளவு உணவில் கிடைக்கக்கூடியது அல்ல. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பி2 சுமார் 2 மில்லிகிராம். சிகிச்சையிலோ உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரையிலும் சில சமயம் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 1,000 மில்லிகிராம்; பாலிலிருந்து அதைப் பெற வேண்டுமானால் 500 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். ஆகவே முருங்கைக்கீரையோ ஈரலோ முட்டையோ இங்கே மருந்துக்கு ஈடாகாது. மெட்ராஸ் நோயாளிகளுக்கு, பி2-ஐக் கொண்டுசெல்லும் புரதத்தின் மரபணுக்களைச் சோதித்த நிம்ஹான்ஸ் குழு, மெட்ராஸ் நோயும் பிரவுன்–வியாலெட்டோ–வான் லேரும் வெவ்வேறு நோய்கள் என்று 2013-இல் தெரிவித்தது. என்றாலும் வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், செவிக்குறையோடு விழுங்கலும் தளரும் பிள்ளைக்கு மரபணுச் சோதனை அவசியம். முடிவு வரும்வரை காத்திராமல், மருத்துவர் மேற்பார்வையில் பி2 தொடங்கிவிடுவதே இன்றைய நடைமுறை. தவறவிட்டால் போவது ஓர் உயிர். கொடுத்துப் பார்ப்பதால் பெரிய கெடுதல் இல்லை.

இனி விழுங்கல். வாயில் இட்ட கவளத்தை நாக்கு திரட்டிப் பின்னே தள்ளும். அந்த நொடியில் குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்ளும். உணவு உணவுக்குழாயில் இறங்கும். மெட்ராஸ் நோயில் உதடு சரியாக மூடாததால் உணவு வெளியே வழியும். நாக்கு தளர்ந்திருப்பதால் சோறு கன்னத்திலேயே தங்கும். குரல்வளை மூடத் தாமதமானால் புரையேறும். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி, உச்சந்தலையில் தட்டி, தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். இந்த நோயாளிக்கு அந்தத் தண்ணீரே மேலும் மூச்சுக்குழாயில் இறங்கும். சாப்பாட்டு வேளையில் அடிக்கடி புரையேறுவதும், சாப்பிட்டபின் குரல் கரகரப்பதும், காரணமில்லாமல் காய்ச்சல் வருவதும் உணவு நுரையீரலுக்குப் போவதன் அடையாளங்களாக இருக்கலாம். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போய்விடும்; அது இன்னும் ஆபத்து.

டம்ளரை எச்சில் படுத்தாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் தமிழ் வீடுகளில் நல்ல பழக்கம். விழுங்கல் தளர்ந்தவருக்கு அதைவிடக் கேடான முறை கிடையாது; தலை பின்னால் சாயும்போது மூச்சுவழி திறந்து நிற்கும், தண்ணீரோ தானாகவே தொண்டையில் கொட்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, தனி டம்ளரில் வாய்வைத்துச் சிறுசிறு மிடறாகக் குடிக்கப் பழக்குவதே முதல் சிகிச்சை. எந்த நிலை யாருக்கு ஒத்துவரும் என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினம் தண்ணீர், இளநீர், நீர்மோர், தெளிவான ரசம். அவை நாக்குக்கு அடங்காமல் ஓடும். ரசம் சாதம் இன்னும் மோசம்: நீர் முன்னே ஓட, சோறு பின்தங்கும். உதிரும் புட்டும் வறட்டு இட்லியும் தொண்டையில் சிதறும். குழைய வேகவைத்து மசித்த பருப்புச் சாதமும், கெட்டித் தயிரும், கெட்டியான கேழ்வரகுக் கூழும் எளிதாக இறங்கும். சென்னை கொட்டிவாக்கம் குப்பத்துக்கு வந்திறங்கும் மீனும் நல்ல புரதம்தான். முள்ளை முழுக்க எடுத்து, குழம்பின் கெட்டிப் பகுதியோடு மசித்துத் தர வேண்டும்.

பானம் எவ்வளவு கெட்டி என்பதை வீட்டிலேயே அளக்கலாம். 10 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, முனையை விரலால் மூடி, 10 மில்லி கோடுவரை கஞ்சி ஊற்றி, விரலை எடுத்து 10 நொடி ஓடவிட வேண்டும். மிச்சம் 1 மில்லிக்குக் கீழ் என்றால் அது தண்ணீர் போன்றது. 4 முதல் 8 மில்லி என்றால் ஓரளவு கெட்டி. 8-க்கு மேல் இன்னும் கெட்டி. இது உலகெங்கும் பயன்படும் முறை. எச்சில் பட்ட கரண்டியைக் கஞ்சியில் மறுபடி விட்டால் எச்சிலிலுள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்து, சிறிது நேரத்தில் கஞ்சியை நீர்க்கச் செய்துவிடும். முளைகட்டிய கேழ்வரகு மாவிலும் இதே விளைவு உண்டு. பின்னால் சொல்லப்போகும் வயிற்றுக் குழாயில் கொடுக்க அது நல்லது. அதிக மாவு சேர்த்தாலும் கஞ்சி ஓடும். வாய்வழி கொடுப்பதற்கு அதே குணம் தீங்கு.

இளைத்துப்போன கை உணவைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுவரவே களைத்துவிடும். அதனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமானாலும் அரைவயிறுதான் நிறையும். வெறும் கஞ்சியை மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகளில் எடை வேகமாக இறங்குகிறது. கஞ்சியில் பொட்டுக்கடலை மாவு, பால்பவுடர், நெய் சேர்க்க வேண்டும். ஒரு டீஸ்பூன் நெய்யே சுமார் 40 கலோரி தரும். மூன்று வேளையை ஆறு சிறு வேளையாகப் பிரிப்பது நல்லது. காது கேளாதவரிடம் உண்ணும்போது பின்னாலிருந்து பேசினால் திரும்பிப் பார்க்கும் நொடியில் புரையேறும். எதிரே உட்கார்ந்து சைகையால் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவைப்பது எந்தப் பரிசோதனைக்கும் குறைந்ததல்ல.

வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, புரையேறல் ஓயாவிட்டாலோ, வயிற்றில் பொருத்தும் பெக் குழாயைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். குழாய் என்றாலே கடைசிக் கட்டம் என்று குடும்பங்கள் தள்ளிப்போடுவது வேதனைக்குரியது. மூச்சுத் திறன் நன்றாக இருக்கும்போது பொருத்துவதே பாதுகாப்பு. தாமதமாகும்போது ஆபத்தும் கூடும். குழாய் வைத்தபின் மருத்துவமனை தரும் பொடிகளோடு, நன்றாக அரைத்து வடிகட்டிய வீட்டு உணவும் உணவியல் வல்லுநரின் அளவுப்படி கொடுக்கலாம். கொடுக்கும்போதும், அதன்பின் ஒரு மணி நேரம்வரையும் நோயாளி சாய்ந்த நிலையிலாவது நிமிர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் பின் வெந்நீர் ஆறவைத்துச் செலுத்திக் குழாயை அலச வேண்டும். பெக் வந்ததால் வாய்வழி உணவு முற்றிலும் நின்றுவிடத் தேவையில்லை. தெரபிஸ்ட் அனுமதிக்கும் பதத்தில் ருசிக்காகச் சில கவளம் தரலாம். அதற்கு முன்னும் பின்னும் பல்லையும் நாக்கையும் துலக்கிவிட வேண்டும். நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் சுத்தமில்லாத வாயிலிருந்தே நுரையீரலுக்கு இறங்குகின்றன.