மூன்றே முக்கால் வாட்

ஏஎம்டி நிறுவனம் 2022 நவம்பரில் சர்வர்களுக்கென்று எபிக் 9654 என்ற பிராசசரை வெளியிட்டது. அதில் கணக்குப் போடும் அலகுகளான கோர்கள் 96. மொத்தமாக வாங்குபவர்களுக்கு அறிவித்த விலையே ஒன்றுக்கு 11,805 டாலர். உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும் அளவு. அடிப்பக்கம் 6,096 தொடுமுனைகள். ஆறு மாதம் கழித்து, 2023 மே மாதத்தில், அதே நிறுவனம் மெல்லிய லேப்டாப்புகளுக்காக ரைசன் 7 7840யூ என்பதைக் கொண்டுவந்தது. இதில் எட்டே கோர்கள். கடையில் தனியாகக் கேட்டால் கிடைக்காது. மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டு லேப்டாப்போடுதான் வரும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவே இல்லாத இரண்டு பொருள்கள். ஆனால் இரண்டுக்குள்ளும் கணக்குப் போடுவது ஜென் 4 என்ற ஒரே வடிவமைப்பில் பிறந்த கோர்தான். கட்டளைத் தொகுப்பு ஒன்றே. ஒவ்வொரு கோருக்கும் அருகில் இருக்கும் இரண்டாம் நிலை கேஷ் என்ற சிறு நினைவகம்கூட இரண்டிலும் 1 எம்பிதான். சர்வருக்குத் தனி மூளை, லேப்டாப்புக்குத் தனி மூளை என்று நினைத்திருப்பவர்களுக்கு இது முதல் ஆச்சரியம்.

இரண்டாவது ஆச்சரியத்துக்கு ஒரு வகுத்தல் போதும். எபிக்கின் மின்வரம்பு 360 வாட். 96 கோர்களுக்குப் பிரித்தால் தலைக்கு மூன்றே முக்கால் வாட். ரைசனுக்கு 28 வாட். எட்டால் வகுத்தால் மூன்றரை. கறாரான கணக்கு இல்லை என்பது உண்மை. எபிக்கின் 360 வாட்டில் வெளித்தொடர்புகளைக் கவனிக்கும் சில்லும் பங்கு கேட்கிறது. ரைசனின் 28 வாட்டில் திரைப்படம் காட்டும் கிராஃபிக்ஸ் பகுதியும் பங்கு கேட்கிறது. ஆனாலும் குளிரூட்டப்பட்ட அறையில் பேரிரைச்சல் போடும் விசிறிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் கோரும், நம் மடியில் இருக்கும் கோரும் ஏறத்தாழ ஒரே மின்சாரப் பங்கீட்டில்தான் பிழைக்கின்றன.

அப்படியானால் வேகத்தில்? ஒற்றைக் கோரின் உச்ச வேகத்தில் லேப்டாப்பே முந்துகிறது. ரைசன் 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறும், எபிக் 3.7-க்கு மேல் போகாது. எல்லாக் கோர்களும் ஓயாமல் உழைக்கும்போது எபிக் உறுதியளிக்கும் அடிப்படை வேகம் 2.4 மட்டுமே. காரணம் இயற்பியல். ஒரு சில்லு விழுங்கும் மின்திறன், அதன் துடிப்பு வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். வேகத்தைக் கூட்ட அழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், கடைசி ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு ஆகும் செலவு முதல் ஒன்றைவிடப் பல மடங்கு. லேப்டாப்பில் ஒரு கோர் ஓடும்போது மற்ற ஏழும் பெரும்பாலும் தூங்கும். தூங்குபவர்களின் பங்கையும் விழித்திருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். சர்வரில் அந்தச் சலுகை இல்லை. அங்கே எல்லோரும் வேலை செய்வார்கள் என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள்.

ஆகவே 11,805 டாலர் கொடுத்து வாங்கிய பிராசசரில் ஒரு சாதாரண எக்செல் கோப்பைத் திறந்தால், எழுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பைவிடத் தாமதமாகத் திறந்தாலும் வியப்பதற்கில்லை. கல்யாணச் சமையலுக்கு வந்த 96 பேரும் சேர்ந்து நின்றாலும் ஒரு டம்ளர் காப்பி அதற்குரிய நேரத்தில்தான் வரும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் இதைக் கணக்காகவே சொன்னார்: ஒரு வேலையில் பிரிக்க முடியாத பகுதி 5 சதவீதம் இருந்தால், எத்தனை ஆயிரம் கோர்களைப் பூட்டினாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. சர்வர் பிழைப்பது, அதனிடம் வருவது ஒரே வேலை அல்ல என்பதால். ரயில் முன்பதிவு தொடங்கும் நிமிடத்தில் வந்து மோதும் லட்சம் கோரிக்கைகளில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. 96 பக்கமும் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

கோர் ஒன்றே என்றால் அந்த விலை எதற்கு? பெரும்பகுதி, கோரைச் சுற்றி இருப்பவற்றுக்கு. எபிக்கில் 12 நினைவகத் தடங்கள். ஒரு பிராசசரோடு 6 டிபி வரை ரேம் இணைக்கலாம். வினாடிக்கு 460 ஜிபி தரவு உள்ளே வரும். ரைசனுக்கு அதிவேக ரேம் பொருத்தினால் 120 ஜிபி. இதையும் தலைக்குப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கைதான்: சர்வர் கோருக்கு 4.8, லேப்டாப் கோருக்கு 15. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் எபிக்கில் 384 எம்பி மூன்றாம் நிலை கேஷ், அதாவது கோருக்கு 4 எம்பி. ரைசனில் 2 எம்பிதான். சேமிப்பகம், நெட்வொர்க் அட்டை போன்றவற்றை இணைக்க 128 பிசிஐ தடங்கள், லேப்டாப்பில் 20. ஒரு விஷயத்தில் மட்டும் சர்வர் ஏழை. அதில் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது. பழைய சர்வர் பிராசசர் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வீட்டு டெஸ்க்டாப்பில் மாட்டுபவர்கள் பலர், திரை கறுப்பாகவே இருப்பதைப் பார்த்த பிறகுதான் தனி கிராஃபிக்ஸ் அட்டை தேட ஓடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, விளம்பரங்களில் சிறிய எழுத்தில் வரும் ஈசிசி என்ற பிழைதிருத்தும் ஏற்பாடு. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளருக்கு வார இறுதியில்தான் கணினி கிடைக்கும். ரிலேக்களால் ஆன அந்த இயந்திரம் பிழை நேர்ந்ததைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தவுடன் அந்த வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கணக்கு பாதியில் நிற்கும். பிழை இருப்பது தெரிகிறது என்றால், எங்கே இருக்கிறது என்று அறிந்து திருத்தவும் முடியாதா என்று எரிச்சலோடு யோசித்தவர், 1950-இல் அதற்கான குறியீட்டு முறையையே வெளியிட்டார். அதன் வழித்தோன்றல்தான் இன்றைய சர்வர் நினைவகங்களில் இருப்பது. 64 பிட் தரவோடு 8 காவல் பிட்டுகளைச் சேர்த்து வைப்பது வழக்கமான முறை. ஒரு பிட் புரண்டால் அதைத் திருத்தலாம். இரண்டு புரண்டால் கண்டுபிடித்து எச்சரிக்கலாம். புதிய டிடிஆர்5 நினைவகத்தில் காவலுக்கு இன்னும் அதிக பிட்டுகள்.

பிட் ஏன் புரள வேண்டும்? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிச் சிதறும் துகள்கள் காரணமாகலாம். சில்லின் தேய்மானமும் காரணமாகலாம். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வந்த ஆய்வின்படி, ஏறத்தாழ மூன்றில் ஒரு இயந்திரத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்தத்தக்க நினைவகப் பிழை பதிவாகியிருந்தது. 2003-இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்குப்பதிவின்போது ஒரு வேட்பாளருக்குக் கணக்கில் 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் கிடைக்கும் எண் அது, அதாவது இரும எண்முறையில் ஒரே ஒரு பிட்டின் மதிப்பு. மென்பொருளில் குறை எதுவும் அகப்படாததால், ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற விளக்கத்துக்கே நிபுணர்கள் வந்தார்கள். நிரூபிக்க வழியில்லை.

பெரும்பாலான லேப்டாப்புகளில் இந்தக் காவல் முழுமையாக இல்லை. டிடிஆர்5 சில்லுகள் தமக்குள் ஓரளவு திருத்திக்கொள்ளும். சில்லிலிருந்து பிராசசருக்கு வரும் வழியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தொழில்நுட்பம் அரிது என்பதால் அல்ல. சர்வருக்குக் கூடுதல் விலை சொல்ல ஒரு காரணம் வேண்டும் என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இதற்காக இன்டெலைக் கடுமையாகச் சாடினார். நம் வீட்டுப் புகைப்படங்களில் ஒரு பிட் கெட்டால் யாருக்கு நஷ்டம் என்பது வியாபாரக் கணக்கு.

லேப்டாப்புக்கென்று உள்ள தனித்திறமை வேறு: தூங்கத் தெரிவது. நீங்கள் இந்த வரியைத் திரையில் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் பிராசசர் வினாடியின் பெரும்பகுதியை உறக்கத்தில் கழித்து, சுட்டி அசையும்போது மட்டும் விழித்து, மறுபடி உறங்கிக்கொண்டிருக்கும். அப்போது அது கேட்பது ஒன்றிரண்டு வாட். எபிக் சும்மா இருக்கும்போதே பல பத்து வாட் கேட்கும். முழு வேகத்தில் ஓடும் எபிக்கை 60 வாட்-மணி லேப்டாப் பேட்டரியில் இணைக்க முடிந்தால் பத்து நிமிடத்தில் பேட்டரி காலி.

ஆனால் இந்தச் சிக்கனப் பாடத்தைச் சர்வர் உலகமே லேப்டாப்பிடம்தான் கற்றது. 2000-களின் தொடக்கத்தில் இன்டெல் பென்டியம் 4-ஐ நம்பிக் கிகாஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போனது. ஜியான் என்ற சர்வர் பிராசசர்களிலும் அதே வடிவமைப்பு. சூடு தாங்கவில்லை. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கைவிடப்பட்டது. தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் பாதி விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். அதே காலத்தில் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு, பேட்டரியை மனதில் வைத்து வேறு பாதையில் போயிருந்தது. அவர்கள் 2003 மார்ச்சில் கொடுத்த பென்டியம் எம், 1.6 கிகாஹெர்ட்ஸில், 24.5 வாட்டில் ஓடியபடியே, தன்னைவிட வேகமாகத் துடித்த பென்டியம் 4-களுக்கு ஈடுகொடுத்தது.

மூன்றே ஆண்டுகளில் அரியணை கைமாறியது. அந்தக் குழுவின் சிந்தனையில் வளர்ந்த கோர் வடிவமைப்பு, 2006 ஜூனில் முதலில் சர்வருக்குள்தான் நுழைந்தது. பழைய வழியில் வந்த ஜியான் 5080 விழுங்கியது 130 வாட், துடித்தது 3.73 கிகாஹெர்ட்ஸில். புதிய ஜியான் 5160 80 வாட்டில் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடி அதைத் தோற்கடித்தது.

போக்குவரத்து இரு பக்கமும் நடக்கிறது. கோர்களை இன்னும் நெருக்கி அடுக்க, ஏஎம்டி ஜென் 4-ஐ சுமார் 35 சதவீதம் சுருக்கி ஜென் 4சி என்று 2023 ஜூனில் 128 கோர் சர்வர் பிராசசராக விற்றது. அதே சுருங்கிய கோர் அந்த ஆண்டு நவம்பரிலேயே மலிவு லேப்டாப்புகளுக்கு வந்துவிட்டது. இன்டெல் பக்கத்தில் கதை இன்னும் சுவாரஸ்யம். 2008 வாக்கில் நெட்புக் என்ற குட்டி லேப்டாப்புகள் பரவியது நினைவிருக்கலாம். ஒரு யூடியூப் காணொளிக்கே மூச்சுவாங்கிய அவற்றில் பலவற்றில் இருந்தது ஆட்டம் என்ற பிராசசர். ஆட்டம் என்270-இன் மின்வரம்பு 2.5 வாட், கோர் ஒன்று. அந்தச் சிக்கனப் பரம்பரையில் வந்த கோர்களைக் கொண்டே 2024 ஜூனில் ஜியான் 6780இ என்ற சர்வர் பிராசசர் வந்தது: 144 கோர்கள், 330 வாட். தலைக்குப் பிரித்தால் 2.3 வாட், நெட்புக்கைவிடக் கொஞ்சம் குறைவு.