ஆள் போகாவிட்டால் வேலை வரும், ஆள் வராவிட்டால்?

எல்லை ஊர் – 17

சென்ற வாரம் சென்னை–ஆந்திர எல்லை பற்றிய பட்டாஸ்கர் தீர்ப்பில் நிறுத்தியிருந்தோம். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போய்ச் சத்தியவேடு தாலுகாவாயின. கோடு மாறியதே தவிர நடமாட்டம் மாறவில்லை. பெண் கொடுக்க, பெண் எடுக்க, துணி எடுக்க ஊத்துக்கோட்டைக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் இதே மண்ணின் பிழைப்பை இப்போது தீர்மானிப்பதில் வேறொரு எல்லைக்கும் பங்கு இருக்கிறது. அந்த எல்லையின் வாசலில் நிற்பது விசா.

2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கிறது. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 55 கிலோமீட்டர். இசுசு வண்டி, டைகின் ஏ.சி., கோபெல்கோ மண்வெட்டும் எந்திரம், ஆல்ஸ்டாம் ரயில் பெட்டி என்று பட்டியல் நீளும். சென்னை மெட்ரோவில் தினமும் ஆபீஸ் போகிறவர்களில் பலர் தாங்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டி சத்தியவேட்டுப் பக்கம் உருவானது என்று அறிய மாட்டார்கள். 2015-ல் ஃபாக்ஸ்கான் இங்கே ஷாவ்மி போன்களைப் பூட்டத் தொடங்கியது. லைனில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். அதே ஸ்ரீசிட்டியில் 2013 முதல் ஒரு ஐ.ஐ.ஐ.டி. இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் பிள்ளைகளில் பலருக்குக் கனவு அமெரிக்கா.

ஆக, வேலி ஒன்றுதான். ஒரு பக்கம் வெளியே போக விசா வேண்டும் என்பவர்கள். இன்னொரு பக்கம், வெளியிலிருந்து ஓர் ஆள் விசா வாங்கி வந்தால்தான் வேலை தொடங்கும் என்று காத்திருப்பவர்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுபவர்கள் குறைவு. டி.வி. விவாதங்களில் முதல் கதைக்குத்தான் நேரம் ஒதுக்குகிறார்கள்.

அந்த முதல் கதையை ஊரறியும். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்க வேலை விசாவான எச்-1பியின் புதிய விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அதிபர் டிரம்ப் பிரகடனம் வெளியிட்டார். அன்றைய மதிப்பில் சுமார் 88 லட்சம் ரூபாய். ஞாயிறு முதல் அமல் என்றதும் நவராத்திரிக்கு ஊர் வந்திருந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடினார்கள். மறுநாள்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று வெள்ளை மாளிகை விளக்கியது. அக்டோபரில் இன்னொரு விளக்கம்: அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருந்தபடியே எச்-1பிக்கு மாறுபவர்களுக்கும் இந்தக் கட்டணம் இல்லை. இந்த இரண்டாவது விளக்கத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பல லட்சம் கடன் வாங்கி எம்.எஸ். படிக்கப் போகும் பிள்ளைக்கு வழி இன்னும் திறந்திருக்கிறது. இங்கேயே பி.டெக். முடித்து, கம்பெனியில் நாலு வருஷம் உழைத்து, ‘ஆன்சைட்’ கிடைக்கும் என்று காத்திருக்கும் பிள்ளைக்குத்தான் கதவு அடைபட்டது. தகுதியைச் சோதிப்பதாகச் சொல்லி வைத்த சல்லடை, அப்பாவின் கடன் வாங்கும் சக்தியைச் சோதிக்கிறது.

சரி, இதனால் அமெரிக்கக் கம்பெனிகளின் வேலை நின்றுவிடுமா? நிற்காது என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. எச்-1பியின் ஆண்டு உச்சவரம்பு 2001 முதல் மூன்று நிதியாண்டுகளுக்கு 1,95,000 ஆக இருந்தது. 2004-ல் அது 65,000-க்கு இறங்கியது. பிறகு அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்காக 20,000 கூட்டினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிரிட்டா க்ளென்னன் இந்தக் காலத்தை ஆராய்ந்தார். விசா கிடைக்காத பன்னாட்டு நிறுவனங்கள் அந்த வேலைகளில் கணிசமானவற்றை வெளிநாட்டுக் கிளைகளுக்கு நகர்த்தின. அவை முக்கியமாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் இந்தியா, சீனா, கனடா. மைக்ரோசாஃப்ட் 2007-ல் கனடாவின் வான்கூவர் பகுதியில் மென்பொருள் மையம் திறந்தபோது, அமெரிக்கக் குடியேற்றச் சிக்கல்களையும் ஒரு காரணமாக வெளிப்படையாகவே சொன்னது. 2024 கணக்குப்படி இந்தியாவில் 1,700-க்கு மேற்பட்ட பன்னாட்டு நிறுவனங்களின் திறன் மையங்கள், சுமார் 19 லட்சம் ஊழியர்கள். அத்தனைக்கும் விசாதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சம்பள வித்தியாசம் பெரிய காரணம். ஆனாலும் விசா கெடுபிடி கூடும்போதெல்லாம் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மாடி ஏறுகிறது என்பது வெறும் கிண்டல் இல்லை. நிரல் எழுதும் வேலை கம்பி வழியாகப் பயணம் செய்யும். ஆள் போகாவிட்டால் வேலை இங்கே வந்துவிடும்.

வேலியின் இன்னொரு பக்கத்துக்கு, லைனுக்கு, வருவோம். இங்கே கணக்கே வேறு.

ஒரு போனின் மதர்போர்டு உருவாகும் எஸ்.எம்.டி. லைனை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின்மேல் பற்றவைக்கும் பசையை அச்சடிக்கிறார்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உதிரிகளை எந்திரம் பொறுக்கி வைக்கிறது. பிறகு அடுப்புக்குள் போகிறது பலகை; உச்ச வெப்பம் 250 டிகிரியை நெருங்கும். பசை கொஞ்சம் கூடினால் பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் பிடிக்காது. அடுப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் வெப்பம் தனி. இதையெல்லாம் கையேட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் புது மிஷினை இறக்கி, புது மாடலுக்கு ஏற்றி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பலகை நல்லதாக வரும் நிலைக்குக் கொண்டுவருவது கையேடு படித்தவரால் ஆகாது. இதே மிஷினை வேறு ஊரில் பத்து முறை ஓடவிட்டவரால்தான் ஆகும். சமையல் குறிப்பைப் படித்துவிட்டு முதல் நாளே கல்யாணப் பந்திக்குச் சமைக்க இறங்குவாரா யாரும்? மிஷின் கப்பலில் வந்துவிடும். அந்தக் கைப்பழக்கம் விமானத்தில், பாஸ்போர்ட்டோடு வர வேண்டும்.

அந்தப் பாஸ்போர்ட்டுக்கு வாசல் இறுகிய கதை இது. 2020 ஜூன் 15, இந்திய–சீன எல்லையில் கல்வான் மோதல். இருபது இந்திய வீரர்கள் உயிர் இழந்தார்கள். அதற்கு முன்பே ஏப்ரலில், நிலவழி எல்லை பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன்அனுமதி கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்திருந்தது. கல்வானுக்குப் பிறகு சீனத் தொழில்நுட்பாளர்களின் விசாவும் இறுகியது. மின்னணுத் தொழில் வட்டாரம் நான்கு ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் உற்பத்தி போனது, ஒரு லட்சம் வேலை உருவாகாமல் போனது என்று 2024-ல் கணக்குச் சொன்னது. ஆயிரக்கணக்கான விசா விண்ணப்பங்கள் தேங்கியிருந்ததாகவும் சொன்னார்கள். தொழில் சங்கங்களின் கணக்கில் கொஞ்சம் உப்பு கூடுதலாகத்தான் இருக்கும். பாதியாக்கிக்கொண்டாலும் சிறிய நஷ்டம் இல்லை. எச்-1பி கதையில் தடுக்கப்பட்ட வேலை இன்னொரு நாட்டில் முளைத்தது. இங்கே தடுத்தவர்கள் நாமே. முளைக்காமல் போனதும் நம் வயலில்தான்.

பாதுகாப்புக் காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லையில் ரத்தம் சிந்திய பிறகு வழக்கம்போல் வாசலைத் திறந்துவைக்க எந்த அரசாலும் முடியாது. ‘நம் பையன்கள் கற்றுக்கொள்ளட்டுமே’ என்ற வாதமும் நியாயமானது. ஆனால் கற்றுக்கொள்ள வாத்தியார் வேண்டும். 1983-ல் மாருதி வண்டி வெளிவந்தபோது குர்கானில் சுசூகியின் ஜப்பானியர்கள் இருந்தார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சாண்ட்ரோ வந்தபோது கொரியர்கள் இருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கொரிய ஓட்டல்கள் வந்தது அப்படித்தான். சென்ஜென் நகரமே 1988 முதல் தைவான் ஃபாக்ஸ்கானிடம் பாடம் கேட்ட நகரம்.

பாடம் கேட்டு முடித்த பிறகு வாத்தியார் போனால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் கிடைத்துவிட்டது, அதுவும் நம் பக்கத்திலேயே. 2025 ஜூலையில், தமிழ்நாட்டு ஐபோன் ஆலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களை ஃபாக்ஸ்கான் திருப்பி அழைத்ததாகச் செய்தி வந்தது. இந்த முறை கயிறு பெய்ஜிங் பக்கமிருந்து இழுக்கப்பட்டதாகப் பேச்சு. தன் தொழில்நுட்பமும் ஆட்களும் வெளியே போவதைச் சீனா விரும்பவில்லை. ஆனால் லைன் நின்றுவிடவில்லை. தைவானியர்களும் உள்ளூர்ப் பொறியாளர்களும் தாங்கிக்கொண்டார்கள். ஐபோன் 17 இங்கேயும் தயாரானது. 2020-ல் இதே நடந்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். அதனால் விசாவை இறுக்குவது சரியா தவறா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வருஷம், எந்த லைன், கற்றவர் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். டெல்லியில் கோப்பு பார்க்கும் அதிகாரிக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

அமெரிக்காவும் இதே பாடத்தை அதே ஆண்டில் அடிபட்டுத்தான் படித்தது. 2025 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தில், ஹூண்டாயும் எல்ஜி எனர்ஜி சொல்யூஷனும் சேர்ந்து கட்டிவந்த பேட்டரி ஆலையில் குடியேற்ற அதிகாரிகள் புகுந்தார்கள். 475 பேர் கைது. அதில் 317 பேர் கொரியர்கள். கைவிலங்கு, கால் சங்கிலி. பலர் மிஷின் பூட்ட வந்தவர்கள். ஒரு வாரத்தில் தனி விமானத்தில் சியோல் திரும்பினார்கள். ஆலைத் திறப்பு குறைந்தது இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும் என்று ஹூண்டாயின் தலைமை அதிகாரி சொன்னார். அதன் பிறகு டிரம்பே, வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் நிபுணர்களைக் கொண்டுவந்து அமெரிக்க ஆட்களுக்குச் சொல்லித்தரட்டும் என்று எழுதினார். எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் விதித்தது அதற்குச் சில நாள் கழித்து!

அதே எல்ஜி குழுமத்தின் இன்னொரு கை ஸ்ரீசிட்டியில் ஆலை கட்டுகிறது. 2025 மே 8 அன்று அடிக்கல், ரூ.5,000 கோடி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி., கம்ப்ரசர். இங்கே நீண்ட நாள் வேலைக்கு வரும் கொரியருக்கு வேலை விசா கிடைக்க அவருடைய ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது பொது விதி. அதில் விலக்கு பெற்றவர்களில் அவர்கள் நாட்டுச் சமையற்காரரும் உண்டு. மிஷின் பூட்டும் இளநிலை டெக்னீஷியன் இல்லை. சீனர்களுக்கான வணிக விசா நடைமுறை 2025 டிசம்பரில் தளர்ந்ததாகச் செய்திகள் வந்தன.

சத்தியவேட்டிலும் வரதய்யபாளையத்திலும் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எல்ஜியில் எப்போது ஆள் எடுப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் பதில் ஒன்றுதான்: மிஷின் ட்ரையல் முடிந்த பிறகு. ட்ரையல் எடுக்க வேண்டியவர்கள் சியோலில் இந்தியத் தூதரகத்தின் வரிசையில் நிற்பார்கள்.

(தொடரும்)