கைத்துப்பாக்கியும் பொதுவிடமும்

பெங்களூர் கெம்பேகவுடா வீதியில் மாலை வேளையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து செல்கின்றனர். அவர்களுள் எவரேனும் ஒருவர் தம் சட்டைக்கு அடியில், இடுப்புறையில், கைத்துப்பாக்கி வைத்திருக்கக்கூடும். அது நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே சட்டம் விரும்பும் நிலை என்று கூறினால் நேயர்களிற் பலர் வியப்படையலாம்.

அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது தனியே அனுமதி பெறவேண்டிய ஒரு சலுகையாக நெடுங்காலம் இருந்து வந்தது. நம் நாட்டிலோ மறைத்து எடுத்துச் செல்வது கடமை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இதனைத் தெளிவாகவே கூறுகின்றன. பொதுவிடத்தில் கைத்துப்பாக்கியைக் கொண்டு செல்பவர், அதற்கெனச் செய்யப்பட்ட உறையில் இட்டு உடலோடு பொருத்தியிருக்க வேண்டும். அன்றேல் முதுகுப்பை போன்றதொரு பைக்குள் வைத்திருக்க வேண்டும். எவ்வகையாயினும் அது முழுவதும் மூடப்பட்டிருத்தல் வேண்டும். எப்போதும் அவரது முழுக் கட்டுப்பாட்டில் இருத்தலும் வேண்டும். வெளியே எடுத்து வீசிக் காட்டுவது தடை செய்யப்பட்டது. அவ்வாறு காட்டியவர் வழக்கை எதிர்நோக்குவதுடன் தம் உரிமத்தையும் இழப்பார். எனவே உணவு விடுதியில் மேசைமீது துப்பாக்கியை வைத்துவிட்டுக் காப்பி அருந்தும் திரைப்பட நாயகன், சட்டத்தின் பார்வையில் நாயகன் அல்லன்.

துப்பாக்கி வைத்திருப்பது குடிமக்களின் உரிமையா என்னும் கேள்வி பழமையானது. 1878-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இயற்றிய ஆயுதச் சட்டத்தை இந்தியர் தம்மீது சுமத்தப்பட்ட இழிவாகக் கருதினர். ஆகவேதான் 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் ஹரி விஷ்ணு காமத் அதே உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை; சபையும் ஏற்கவில்லை. முடிவில் அரசியல் சட்டத்தில் ஆயுதம் பற்றி இடம்பெற்றது, குடிமக்கள் அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடலாம் என்னும் 19-ஆவது பிரிவின் வாசகமே. ஆகவே இன்று துப்பாக்கி என்பது அரசு அளிக்கும் அனுமதி; கேட்டவுடன் கிடைக்கும் உரிமை அன்று.

இந்த அனுமதியை ஆள்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அது 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் மூன்றாம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கியைப் பெறுதல், வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல் ஆகிய மூன்றையும் தடுக்கிறது. மொழிபெயர்ப்பாளர் கையில் இம்மூன்று வினைகளும் 'வைத்திருத்தல்' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுவதுண்டு. சுருங்கினால் பொருள் கெடும். வீட்டு அலமாரியில் இருப்பது ஒன்று. அதனோடு வீதியில் இறங்குவது வேறொன்று.

பெங்களூர் மாநகரில் உரிமம் வழங்கும் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு உரியது. விண்ணப்பித்தவரைப் பற்றிக் காவல் துறையின் அறிக்கை பெறப்பட்ட பின்னரே முடிவு செய்யப்படும். விண்ணப்பிப்பவர் 21 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உரிமத்தின் காலமோ மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்ந்தது.

உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும் எல்லையைப் பலர் கவனிப்பதில்லை. கர்நாடகத்திற்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு ஒருவர் ஓசூருக்குக் காரில் புறப்படுகிறார் என்று கொள்வோம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியவுடன் அந்தத் தாள் அவருக்குத் துணை நிற்காது. உரிமமின்றிச் சாதாரண வகைத் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாத, ஐந்து ஆண்டுவரை நீளக்கூடிய சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. தடை செய்யப்பட்ட வகை ஆயுதமாயின் அத்தண்டனை ஏழு ஆண்டில் தொடங்கிப் பதினான்கு ஆண்டுவரை செல்லும்.

வழியில் காவல் அதிகாரி உரிமத்தைக் காட்டுமாறு கேட்டால் காட்டியே ஆகவேண்டும். காட்ட இயலாவிடில் பெயரையும் முகவரியையும் அவர் கேட்பார். துப்பாக்கியைக் கைப்பற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு. பெயர் கூற மறுப்பவரை வாரண்டு இன்றியே கைது செய்யலாம். டிரைவரிடமோ மைத்துனரிடமோ துப்பாக்கியைக் கொடுத்தனுப்பும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பழுது பார்ப்பதற்கோ, உரிமத்தைப் புதுப்பிப்பதற்கோ, உரிமையாளரின் உபயோகத்திற்காகவோ மட்டுமே, அதுவும் அவர் உடனிருக்கையில் அல்லது அவரது எழுத்து மூலமான அதிகாரத்தோடு, பிறர் அதனைக் கொண்டு செல்லலாம். வாய்மொழி போதாது.

திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடும் பழக்கம் வடநாட்டில் மிகுதி. மேலே சென்ற குண்டு கீழே வந்தே தீரும் என்பதை மகிழ்ச்சி மறந்துவிடுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைத் தனிக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. அதனால் ஓர் உயிர் போயின், 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதையின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்திற்கு ஐந்து ஆண்டுவரை சிறை கிடைக்கலாம்.

தற்காப்புக்காகச் சுட்டேன் என்று கூறுவோருக்கும் ஓர் அளவுகோல் உண்டு. தேவைக்கு மேற்பட்ட தீங்கு இழைப்பதைத் தற்காப்புரிமை ஒருபோதும் காக்காது. அரசின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தும் நாடாதவருக்கு அவ்வுரிமையே இல்லை. கார் உரசியதற்காகத் துப்பாக்கியை உருவியவர் இந்த வாயிலுக்குள் நுழையவே முடியாது.

இதே மாநிலத்தின் குடகு நாட்டில் நிலை வேறு. குடகரும் ஜம்மா நில உரிமையாளரும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளனர். 2019-இல் அவ்விலக்கு 2029 அக்டோபர்வரை நீட்டிக்கப்பட்டது. கர்நாடக உயர்நீதிமன்றம் 2021-இல் அதனைச் செல்லத்தக்கதெனத் தீர்ப்பளித்தது. கைல்போள்து விழாவில் துப்பாக்கிக்குப் பூவிட்டு வணங்கும் மரபினர் அவர்கள். பெங்களூர்வாசி அவர்களைக் காட்டித் தமக்கும் விலக்குக் கேட்க இடமில்லை.

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமம் பெற்றோரின் ஆயுதங்கள் பரிசீலிக்கப்படும்; ஒப்படைக்கும்படி ஆணை பெற்றவர்கள் அவற்றைக் காவல் நிலையத்தில் கொடுத்து, தேர்தல் முடிந்தபின் திரும்பப் பெறுவர். இது பழகிய நடைமுறை. பழகாமல் தடுமாற வைப்பது மற்றொன்று. உரிமம் பெற்றவர் காலமாகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மனைவி பீரோவைத் திறக்கிறார். பட்டுப் புடைவைகளுக்கு அடியில் கணவரின் ரிவால்வர். அந்த உரிமம் கணவருக்கே உரியது. அது மனைவிக்கு வந்து சேராது. 'அவர் நினைவாக இருக்கட்டும்' என்று வைத்துக்கொண்டால், குற்றம் செய்யும் எண்ணம் சிறிதும் இல்லாத அம்மூதாட்டி உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவராகிறார். வீண் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ அதனையும் தோட்டாக்களையும் ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். பின்னர் மகனோ மகளோ விரும்பினால் தம் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அன்றேல் உரிமம் பெற்ற வேறொருவருக்கு விற்றுவிடலாம். ரசீதை, இறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒருங்கே கேட்பார்கள்.