விஷத்துக்கு அசையாத கீரை!

முளைக்கீரை மசியலும் தண்டுக்கீரைச் சாம்பாரும் பிடிக்காத வீடு உண்டா? அந்தக் கீரைக்கு அமெரிக்காவில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரி இருக்கிறாள். பெயர் 'பாமர் அமராந்த்'. நம் கீரை பரம சாது. அவளோ அங்குள்ள பருத்தி விவசாயிகளைத் தூங்கவிடாமல் அடிப்பவள்! அவள் கதையைக் கேளுங்கள்.

நம் ஊரில் களை முளைத்தால் கையால் பறிப்பார்கள், களைக்கொட்டால் கொத்துவார்கள். அமெரிக்காவிலோ ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே குடும்பம் பயிரிடுவதுண்டு. களை எடுக்க ஆள் ஏது? ஆகவே மருந்து தெளிக்கிறார்கள். 1974-ல் விற்பனைக்கு வந்த 'கிளைபோஸேட்' என்ற மருந்து, பச்சைப் பசேலென்று நிற்கும் செடியை வேரோடு சாய்த்துவிடும். ஆனால் களை எது, பயிர் எது என்று அதற்குத் தெரியாதே! 1996-ல் அதற்கும் வழி பிறந்தது. ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்தி, அந்த மருந்தைத் தாங்கும் ஸோயா மொச்சையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே பருத்தியும் வந்தது. மருந்தைத் தாராளமாகத் தெளிக்கலாம். களை மடியும், பயிர் நிற்கும். விவசாயிகளுக்குக் கொண்டாட்டந்தான்!

ஆனால் 2005-ல் ஜார்ஜியா மாநிலத்தில் அந்தக் கீரை மருந்துக்கு மசியவில்லை என்பது உறுதியாயிற்று. காரணம் என்ன? செடி உயிர் வாழத் தேவையான ஒரு நொதியைத்தான் கிளைபோஸேட் முடக்குகிறது. வீட்டில் ஒரே அடுப்பு இருந்து, அதை அணைத்துவிட்டால் எல்லோரும் பட்டினி. நூறு அடுப்பு இருந்தால் எத்தனையைத்தான் அணைப்பது? இந்தக் கீரையில் அந்த நொதிக்கான மரபணு 5 முதல் 160 மடங்கு வரை பெருகியிருந்ததை விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆண்டுதோறும் ஒரே மருந்தை அடித்ததில் மற்றவை மடிந்தன. இப்படிப்பட்டவை மட்டும் விதை விட்டன. ஒரு பெண் செடி விடும் விதை பல லட்சம்! கடைசியில் ஜார்ஜியா விவசாயிகள் கூலிக்கு ஆள் வைத்துக் கையால் களை பறிக்க நேர்ந்தது.

பிறகாவது நின்றார்களா? 'டிகாம்பா' என்ற வேறொரு மருந்தைத் தாங்கும் பயிர்களைக் கொண்டுவந்தார்கள். வெயிலில் அது ஆவியாகிப் பக்கத்து வயலுக்குப் பறந்தது. 2017-ல் மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கர் ஸோயா மொச்சை இலை சுருண்டது. 2020-லும் 2024-லும் நீதிமன்றங்கள் அந்தத் தெளிப்புக்குத் தந்த அனுமதியை ரத்து செய்தன. இதற்குள் டென்னஸியில் அந்தக் கீரை டிகாம்பாவையும் தாங்கப் பழகிவிட்டது!

"உடம்புக்குக் கெடுதலா?" என்று கேட்பீர்கள். கிளைபோஸேட் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-ல் கூறியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகாவோ அப்படி இராது என்றது. வழக்குகள் பல நடந்தன. சர்ச்சை ஒருபுறம் இருக்க, அதிக ஆபத்து மருந்தைக் கையாளுகிறவர்களுக்குத்தான். இந்தியாவில், பயிற்சி பெற்ற பூச்சி ஒழிப்பாளர்கள் மட்டுமே இதைத் தெளிக்கலாம் என்று 2022-ல் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. பயிரை மாற்றி மாற்றி விதைப்பது, அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமனே விடாமல் மூடுபயிரால் போர்த்துவது, விதை விடுமுன் களையைப் பிடுங்குவது — எல்லாம் பழைய வழிகள்தாம். அமெரிக்க விவசாயக் கல்லூரிகளே இவற்றை இப்போது உபதேசிக்கின்றன. வயலில் குனிந்து களை எடுக்கும் பெண்ணின் கைக்கு மட்டும் இந்தக் கீரை இன்னும் தப்பப் பழகவில்லை, பாருங்கள்!