‘போதையில பண்ணிட்டான் வக்கீலம்மா!’

கொலை வழக்கில் மகன் ரிமாண்ட் ஆனதும் ஓடிவரும் தாய்மார்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அநேகமாக இதைத்தான் சொல்வார்கள். “நல்ல பிள்ளைதான் வக்கீலம்மா. அன்னைக்கு நிதானத்துலயே இல்ல. போதையில பண்ணிட்டான்.” அதைக் கேட்டதும் நீதிபதி மனம் இரங்கிவிடுவார், வழக்கு பாதி கரைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, 24 ஆகிய இரண்டு பிரிவுகள் இதைப் பேசுகின்றன. பழைய இ.பி.கோ.வில் இவையே 85, 86. எண்தான் மாறியது, சரக்கு பழசுதான். ஒருவருக்குத் தெரியாமலோ, அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப்பொருள் கொடுக்கப்பட்டு, தான் செய்வது என்ன, அது தப்பா சரியா என்றே அறிய முடியாத நிலையில் அவர் ஒன்றைச் செய்தால் அது குற்றமாகாது. இது 23. கூல்டிரிங்க்ஸில் எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள் என்றால் இங்கே வரலாம். மச்சான் வற்புறுத்தி ஊற்றிக் கொடுத்தான் என்பதெல்லாம் இதில் சேராது. டம்ளரைத் தூக்கியது அவன் கைதானே.

தானாகக் குடித்தவனுக்கு 24. குடிக்காமல் இருந்திருந்தால் என்னென்ன தெரிந்திருக்குமோ, அத்தனையும் அவனுக்குத் தெரிந்திருந்ததாகவே கோர்ட் வைத்துக்கொள்ளும். ‘வயிற்றில் குத்தினால் சாவான் என்று தெரியாது’ என்று வாதாட முடியாது. ஆனால் கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற கேள்விக்கு மட்டும் ஒரு சின்ன சந்து திறந்திருக்கிறது. அந்த எண்ணமே உருவாக முடியாத அளவுக்குப் போதை ஏறியிருந்தது என்று காட்டினால், கொலை என்பது கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையலாம். அப்போதும் பத்து வருஷம் வரை சிறை உண்டு. விடுதலை கிடையாது.

அந்தச் சந்து எவ்வளவு குறுகல் என்பதற்கு நாங்கள் இன்றும் புரட்டும் வழக்கு பாஸ்தேவ் வழக்கு. 1954 மார்ச், அன்றைய பெப்சு மாநிலத்தில் ஒரு கல்யாண வீடு. மதிய விருந்து. நன்றாகக் குடித்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் பாஸ்தேவ், பதினைந்து பதினாறு வயதுப் பையனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். பையன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து அவன் வயிற்றில் சுட்டுவிட்டார். ஒரு உட்காரும் இடத்துக்காக!

1956-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து போன நீதிபதி என்.சந்திரசேகர ஐயர். பாஸ்தேவ் எவ்வளவு குடித்தார் என்பதோடு நீதிபதி நின்றுவிடவில்லை. நடை தள்ளாடியது, பேச்சு சில நேரம் குழறியது, சரி. ஆனால் யார் துணையும் இல்லாமல் நடந்து வந்தார். தனக்கு வசதியான இடத்தைத் தேர்ந்துகொண்டார். சுட்டதும் தப்பி ஓடப் பார்த்தார். பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். செய்தது என்னவென்று தெரிந்தவர்தானே மன்னிப்புக் கேட்பார்? ஆயுள் தண்டனை உறுதியானது. மன்னிப்பே எதிர்ச் சாட்சியமான கதை என்று ஜூனியர்களுக்கு இதைச் சொல்வேன்.

அதனால்தான் வீட்டாரிடம் என் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். கத்தி ஏது, வீட்டுக்குப் போய் எடுத்து வந்தானா? முன்பகை உண்டா? அப்புறம் சட்டையை மாற்றினானா, போனை அணைத்தானா? ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில் ‘வாயில் மது நெடி’ என்று டூட்டி டாக்டர் எழுதியிருந்தால் குடித்தான் என்பதற்குத்தான் ஆதாரம். எண்ணம் இழந்தான் என்பதற்கு அது போதாது. நிரூபிக்கும் பாரமும் நம் பக்கம்தான்.

வண்டி வழக்கில் நிலைமை இன்னும் மோசம். அங்கே குடியே குற்றத்தைக் கூட்டும். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால், யார் மேலும் மோதாவிட்டாலும் குற்றம். 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் ரோட்டில் குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் நடைபாதையில் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்களில் ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். சாவு நேரும் என்று தெரிந்தே ஓட்டியதாகக் கருதி உயர் நீதிமன்றம் மூன்று வருஷமாக்கியது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது, இந்தத் தண்டனையே குறைவு என்று எழுதியது. கூட்டச் சொல்லி அரசுத் தரப்பு அப்பீல் போடவில்லை என்பதால் கூட்டவில்லை.